மீதியை நான் சொல்கிறேன்

"வீ ஹாவ் டு மேக் எ..." என்று தொடங்கிவிட்டு அவர் நின்றார்.

மேசைக்கு அந்தப் பக்கம் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த டயஸ் ஐயா. இந்தப் பக்கம் கதிரையின் நுனியில் நான். யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு கோதுமைக் கப்பல் அசையாமல் நின்றது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டக்' என்று தட்டியது.

அவர் நின்ற அந்த இடைவெளிக்குள் என் வாய் தானாகத் திறந்தது.

"டிசிஷன்!"

சொன்னது சரிதான். ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்றுதான் அவரும் சொல்ல வந்தார். ஆனால் நேர்முகப் பரீட்சைக்குப் போனவள், கேள்வி கேட்கிறவரின் வசனத்தையே முடித்து வைக்கலாமா? அவர் மூக்குக்கண்ணாடியைச் சற்றுக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார்.

இப்படி ஒரு கிறுக்குத்தனத்தை நான் ஏன் செய்தேன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன்னால் நாங்கள் செய்த படகுப் பயணங்களைப் பற்றிப் போன கிழமை எழுதியதை வாசித்த ஒரு தங்கை, "நீங்கள் நேராக ஒரு கதையும் சொல்ல மாட்டீர்களா?" என்று கேட்டிருந்தார். மாட்டேன் தங்கச்சி. நேராகச் சொல்லத் தெரிந்திருந்தால் நான் எழுதவே வந்திருக்க மாட்டேன்.

ரெலிபோன் அடித்தால் ஓடுகிறவள்

எங்கள் அலுவலகத்தின் வேலை, திருகோணமலைக்கு வருகிற கப்பல்களுக்கு வேண்டியதைச் செய்து கொடுப்பது. குடிதண்ணீர், மரக்கறி, முட்டை, சுகமில்லாத மாலுமிக்கு டொக்டர், ஊருக்குப் போகிறவருக்கு விமான டிக்கட். கப்பல்காரர்களோடு பேசுவது முன்மேசையில் இருந்தவரின் வேலை. பின்னறையில் இருந்துகொண்டு மரக்கறிக் கடைக்காரரையும் லொறிச் சாரதிகளையும் தமிழிலும் சிங்களத்திலும் விரட்டுவது என் வேலை. விரட்டுவதில் நான் கெட்டிக்காரி.

என்னுடையது தற்காலிக வேலை. முடியும், நீட்டுவார்கள், திரும்பவும் முடியும்.

முன்மேசைக்காரர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போகிறார் என்ற செய்தி வந்த அன்று முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார். இனி முன்மேசைக்கும் பின்னறைக்கும் சேர்த்து ஒரே ஆள்தான், அது நிரந்தர வேலை, கொழும்பிலிருந்து ஒருவர் வந்து இங்கிலீஷில் பேசிப் பார்ப்பார் என்றார். நான் சரிவராவிட்டால் கொழும்பிலிருந்தே ஆளை அனுப்புவார்கள். எனக்கு வீடுதான்.

வீட்டுக்குப் போவதில் எனக்கு என்ன கவலை என்று கேட்கிறீர்களா? கவலை எனக்கில்லை. கட்டாரில் இருந்தது.

என் கணவர் ரபீக் அங்கே எலக்ட்ரீசியன். மகள் சுவரைப் பிடித்து நடக்கப் பழகிய காலத்தில் போனவர். இப்போது அவள் உயர்தரம் படிக்கிறாள். ஒவ்வொரு முறை ஒப்பந்தம் முடிகிற போதும் அவர் போனில் ஒரே மாதிரித்தான் தொடங்குவார். "நஸ்ரின், நான் இந்த முறை..." என்பார். பிறகு நிறுத்துவார்.

அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அந்த நிறுத்தம் என்னால் தாங்க முடியாதது. "சைன் வைங்க, வேற என்ன செய்யுற?" என்று நானே முடித்துவிடுவேன். அவர் "ம்" என்பார். இன்னும் இரண்டு வருடம் போய்விடும்.

நிரந்தர வேலை கிடைத்தால் அவர் சைன் வைக்கத் தேவையில்லை. இதை நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் நேர்முகப் பரீட்சை என்று நான் சொன்ன நாளிலிருந்து அவர் தினமும் போன் எடுக்கத் தொடங்கினார். எடுத்து, "படிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு வைப்பார்.

படித்தேன்தான். என் பிரச்சினை படிப்பில்லை. பள்ளிக்கூடக் காலத்திலேயே இங்கிலீஷ் சொற்களைக் கருத்தோடு பாடமாக்கிப் பரிசு வாங்கியவள் நான். ஒரு நாள் முன்மேசையில் யாருமில்லாத நேரம் பார்த்து ரெலிபோன் அடித்தது. எடுத்தேன். கப்பலிலிருந்து ஒருவர் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார். தண்ணீர் தெரியும், படகு தெரியும், பிந்தும் என்ற சொல்லும் தெரியும். எல்லாம் கலியாண வீட்டில் ஒருவரை ஒருவர் தெரியாத விருந்தாளிகள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் நின்றன. அவர் "ஹலோ? ஹலோ?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ரெலிபோன் மணி அடித்தால் கழிவறைப் பக்கம் ஓடுவேன். அலுவலகத்தில் எனக்கு ஏதோ வயிற்று வருத்தம் என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

நோன்பு என்ன அலுமாரியா?

கணக்குப் பிரிவில் இருந்தவள் சாந்தி. பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள், என் வயதுக்காரி. என் வயிற்று வருத்தத்தின் உண்மை அவளுக்கு மட்டும்தான் தெரியும். இங்கிலீஷ் எழுதுவாள், பேச வெட்கப்படுவாள். முன்மேசைக்கு நீங்களும் கேட்டுப் பாருங்களன் என்றதற்கு, "ஐயோ, எனக்கு இலக்கங்களோட மட்டும்தான் கதை" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அது நோன்பு மாதம். மத்தியானம் அவள் சாப்பிடும்போது நான் சும்மா பக்கத்தில் இருப்பேன். எனக்கு முன்னால் சாப்பிட அவளுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தை மறைக்க எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"நஸ்ரின், நீங்க நோன்பு பிடிக்கிறீங்க. சரி. நாங்களும் விரதம் பிடிக்கிறம். ஆனா பின்னேரம் அதை ஏன் திறக்கிறீங்க? அது என்ன அலுமாரியா?"

நான் வாயைத் திறந்தேன். நோன்பைத் திறக்கிறோம், அவ்வளவுதான். வாப்பா அப்படிச் சொன்னார், உம்மா அப்படிச் சொன்னார். வேறு எப்படிச் சொல்வது?

"நீங்க மட்டும் என்ன? கருவாடு போடுறம் எண்டு சொல்றீங்க. எங்க போடுறீங்க?"

"கருவாடு போடாம, செய்யுறம் எண்டு ஆரும் சொல்லுவாங்களா?" என்று அவள் சிரித்தாள். சிரித்தவள் திடீரென்று சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள். "இஞ்ச பாருங்க. இதுதான் விசயம். சொல்லுக்குச் சொல் சோடி இரிக்கு. நாங்க சோடியாத்தான் படிச்சனாங்க. இங்கிலீஷை மட்டும் தனித்தனியாப் படிச்சிட்டம்."

அன்று பின்னேரமே போனில் தேடினேன். அவள் சொன்னதையே ஒரு அம்மா விடியோவில் அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லைத் தனியே பாடமாக்காதீர்கள், அது யாரோடு சேர்ந்து வரும் என்று பாருங்கள் என்றார். முடிவுக்கு 'மேக்', கவனத்துக்கு 'பே', அடை மழைக்கு 'ஹெவி', கடுந் தேநீருக்கு 'ஸ்ட்ரோங்'. ஏன் என்று கேட்கக் கூடாது. நோன்பை ஏன் திறக்கிறோம் என்று கேட்டால் எங்களுக்குத் தெரியுமா?

எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு சுமை இறங்கியது. இவ்வளவு நாளும் என் மூளையில்தான் பிழை என்று நினைத்திருந்தேன்.

எங்கள் வாசல் காவலாளி பந்துல பதவியாப் பக்கத்துச் சிங்கள ஆள். அவருடைய தமிழில் மழை நடக்கும், வெயில் போகும், பசி நிற்கும். "அக்கா, இண்டைக்கு நல்லா மழை நடக்குது" என்பார். எங்களுக்கு விளங்காமல் போனதே இல்லை. அவர் வெட்கப்பட்டு வாயை மூடியதும் இல்லை. அந்த மனுசனை நினைத்தும் கொஞ்சம் தைரியம் வந்தது.

மானுக்கும் இங்கிலீஷ்

பெருநாள் முடிந்த பிறகு சாந்தியும் நானும் மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகத் தொடங்கினோம். விளையாட்டு இதுதான். அவள் பாதியைச் சொல்ல வேண்டும். அவள் நிறுத்தின உடனே, மூச்சு விடுவதற்குள் நான் மீதியைச் சொல்ல வேண்டும். யோசித்தால் தோல்வி.

"கீப் எ..."

"ப்ராமிஸ்!"

"டேக் எ..."

"ரிஸ்க்!"

"லூஸ் யுவர்..."

"டெம்பர்!"

கோபம் வருவதை, ஏதோ சாமானைத் தொலைப்பது போல 'இழப்பது' என்று சொல்கிறார்கள் பாருங்கள், அதில் எனக்குத் தனி விருப்பம். நான் அதிகம் இழக்கிற சாமான் அதுதான்.

ஒரு நாள் அவள் "பே..." என்று தொடங்கினாள். அதே நேரம் ஊருக்குள் திரிகிற புள்ளிமான்களில் ஒன்று பின்னால் வந்து அவளுடைய பொதியில் தலையை விட்டது. "அட்டென்ஷன்!" என்று நான் கத்தினேன். நான் சொன்னது விளையாட்டுக்கு. ஆனால் மான் மட்டும் நிமிர்ந்து கவனமாகப் பார்த்துவிட்டு வாழைப்பழத்தைக் கவ்விக்கொண்டு போனது. சாந்தி சிரித்துச் சிரித்து மணலில் குந்தியே விட்டாள்.

விளையாட்டு வேலை செய்தது. சொற்கள் சோடி சோடியாக வரத் தொடங்கின. ஒரு நாள் முன்மேசை ரெலிபோனை எடுத்து, தண்ணீர்ப் படகு பிந்தும் என்பதை ஒரு கப்பல்காரருக்கு ஒழுங்காகச் சொல்லி முடித்தேன். மின்னஞ்சலில் எழுதுவதும் இலேசாயிற்று.

ஆனால் வியாதி ஒன்றும் சேர்ந்து வந்தது. யார் எங்கே நிறுத்தினாலும் மீதியை நான் சொல்லத் தொடங்கினேன். மீன்காரர் "தங்கச்சி, இண்டைக்குப் பாரை..." என்றால், "இல்லை, சூடைதான் இரிக்கு, சரி தாங்க" என்பேன். பள்ளிவாசலுக்கு நன்கொடை கேட்டு வந்தவர் தொடங்குமுன் நானே முடித்தேன். மகள் ஒரு நாள் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள்.

"உம்மா, என்ட வசனத்தை நானே முடிக்கிறனே. ஒருக்கா விடுங்களன்."

சாந்திக்கு இதெல்லாம் வெற்றியின் அடையாளம். பரீட்சைக்கு முதல் நாள், "எங்கட முத்துமாரியம்மனிட்டயும் சொல்லி வச்சிட்டன். நீங்க உங்கட ஆளிட்ட கேளுங்க. ரெண்டு பக்கத்தாலயும் தள்ளுவம்" என்றாள்.

திரும்பவும் அந்த அறைக்கு

அப்படித்தான் 'டிசிஷன்' வந்தது.

அது ஒன்றோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டயஸ் ஐயா தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் நின்றார். அவர் வாய் திறந்தபடி இருக்கும், சத்தம் வராது. சாந்தி நிறுத்துவதைப் போலவே இருக்கும். வசனத்தின் சரியான இடத்தில் நிற்பார். நான் மீதியைச் சொல்வேன். சொன்ன பிறகு நாக்கைக் கடிப்பேன். அடுத்த முறை திரும்பவும் சொல்வேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு அவர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, இப்போது ஒரு கேப்டன் உங்களுக்குப் போன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"ஹி ஹாஸ் லொஸ்ட் ஹிஸ்..."

"டெம்பர்!" என்றேன்.

மின்விசிறி 'டக்' என்றது. டயஸ் ஐயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொண்டை அசைந்தது. கண்களை ஒரு முறை இறுக்கி மூடித் திறந்தார்.

"வைஃப்" என்றார்.

கேப்டனின் மனைவி மௌத்தாகிவிட்டார். செய்தி இப்போதுதான் கப்பலுக்கு வந்திருக்கிறது. அவருக்கு முதலில் கிடைத்த நம்பர் உங்களுடையது. பேசுங்கள் என்றார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வேலை போயிற்று, முன்மேசை போயிற்று, ரபீக் சைன் வைக்கப் போகிறார். படித்த சோடிகளில் ஒன்றுகூட வரவில்லை. அதற்குப் பதிலாக என் மாமனார் மௌத்தான நாள் நினைவுக்கு வந்தது.

அந்தச் செய்தியை ரபீக்குக்குச் சொன்னவள் நான்தான். ஜனாஸா அடக்கத்துக்கு அவரால் வர முடியவில்லை. அன்று நான் போனில் நிறுத்தாமல் பேசினேன். யார் யார் வந்தார்கள், கபுறு எங்கே வெட்டுகிறார்கள், எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"ஐ அம் சோ சொரி, கேப்டன்" என்றேன்.

பிறகு வாயை மூடிக்கொண்டேன். வெளியே ஒரு காகம் கத்தியது. அந்த அமைதியில் எனக்கு முதல் முறையாகப் பயம் வரவில்லை. கேப்டனுக்கு அது தேவை என்று தோன்றியது. இல்லாத ரெலிபோனின் அந்தப் பக்கத்தில் ஒரு மனுசன் மூச்சு விடுவது எனக்குக் கேட்ட மாதிரியே இருந்தது.

கொஞ்சம் பொறுத்துச் சொன்னேன். "ஐ வில் மேக் த அரேஞ்ச்மென்ட்ஸ். யூ வில் கோ ஹோம்."

வீட்டுக்குப் போவீர்கள் என்றேன். அதை நான் எந்தக் கேப்டனுக்குச் சொன்னேன் என்று எனக்குத்தான் தெரியும்.

டயஸ் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு இங்கிலீஷில் அவர் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சுத் திக்கும். சத்தம் இல்லாமல் நின்றுவிடும். என் வசனத்தை மற்றவர்கள் முடித்து வைப்பது எனக்குப் பழகிப் போன விஷயம். ஆனால் இவ்வளவு சரியாக முடித்தவர் நீங்கள்தான். அந்த ஒன்றைத் தவிர."

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. நான் தடுமாறித் தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். சாந்தியின் விளையாட்டைச் சொன்னேன். மானையும் சொன்னேன். எந்தச் சொல்லுக்கு எந்தச் சோடி என்று பார்க்கவெல்லாம் நேரமில்லை, வந்ததைச் சொன்னேன். அவர் முதலில் புன்னகைத்தார். வாழைப்பழம் வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்து முடித்து, திரும்பவும் தொடங்கினார்.

"டு யூ..."

நின்றார். என் தலைக்குள் சோடிகள் வரிசையாக ஓடி வந்தன. விளங்குகிறதா, கேள்வி இருக்கிறதா, ஒத்துக்கொள்கிறீர்களா. நான் இரண்டு கைகளாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். உதட்டை மடித்துப் பல்லால் கடித்தேன். கோதுமைக் கப்பல் ஒரு முறை நீளமாக ஊதி ஓய்ந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"...டிரிங்க் டீ?" என்றார்.

தேத்தண்ணீர் வந்தது. நல்ல கடும் சாயம். குடித்துக்கொண்டே சொன்னார். இந்தத் துறைமுகத்துக்கு வருகிற கேப்டன்களில் இங்கிலீஷ் தாய்மொழியாக உள்ளவர்கள் குறைவு. கொரியாக்காரரும் பிலிப்பைன்காரரும் உங்களைப் போல ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் பேசுவார்கள், அவர்களையும் தேட விடுங்கள் என்றார். முடிவு என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒற்றைச் சொல்

சில நாட்கள் ஒரு செய்தியும் இல்லை. சாந்தி அம்மனோடு கோபித்துக்கொண்டாள். நான் எந்தப் பக்கமும் கோபிக்கவில்லை. ரெலிபோன் அடித்தால் மட்டும் எடுத்தேன். ஓடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை முகாமையாளர் பின்னறை வாசலில் வந்து நின்றார். கையில் தாள் ஒன்றும் இல்லை, முகத்தில் சிரிப்பு இருந்தது.

"நஸ்ரின், உங்கட சாமானெல்லாம் முன்னுக்குக் கொண்டு வாங்க. கொழும்பில சரியெண்டுட்டாங்க. நிரந்தரம்."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னது நினைவிருக்கிறது. சாந்தி கணக்குப் பிரிவிலிருந்து ஓடி வந்து கட்டிப்பிடித்ததும் நினைவிருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. பந்துல வாசலில் நின்று, "அக்காவுக்கு நல்ல சந்தோசம் நடக்குது" என்றார். அதைவிடச் சரியாக யாரும் அன்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ரபீக்குக்கு லீவு. அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு லிங்கநகரில் எங்கள் வீட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு போன் எடுத்தேன். மகள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"கிடைச்சிட்டு" என்றேன்.

திரையில் அவர் முகம் கொஞ்சம் கலங்கி, பிறகு தெளிந்தது. அறையில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"நஸ்ரின்" என்றார். "நான் இந்த முறை..."

நிறுத்தினார்.

என் வாய் திறந்தது. பழக்கம் எங்கே போகும்? மகள் என்னைப் பார்த்துத் தலையை இல்லை என்று ஆட்டினாள். நான் வாயை மூடினேன். கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடங்களில் அவரை நான் அவ்வளவு நேரம் பேசாமல் பார்த்ததே இல்லை.

"...வந்திட்டு, திரும்பிப் போகாம இருக்கட்டா, புள்ள?"

இத்தனை சோடிச் சொற்கள் படித்தவளுக்கு அன்று வாயில் வந்தது ஒற்றைச் சொல்தான்.

"ஓம்."